மாட்டுக்கொட்டகையில் இருந்த கோரைச் சிலுவை

பிரிஜித் டீச்சர் கடைசிக் காலத்தில் வேதத்தை விட்டுவிட்டார், வீட்டில் மந்திரக்கட்டு வைத்திருந்தார் என்று ஊரில் பேசுகிறார்கள். இரண்டும் தவறு. சாகுமுன் பங்குத்தந்தை கையால் அவஸ்தைப் பூசுதல் பெற்று, தூக்கத்திலேயே போனார். செய்தி சொல்ல வந்த அவருடைய அண்ணன் மகன் அருளிடம் முதலில் அதைத்தான் கேட்டேன். பதில் வந்த பிறகே உட்கார்ந்தேன்.

மந்திரக்கட்டு என்று அவர்கள் சொல்வது கோரையில் பின்னிய சிலுவை. நடுவில் ஒரு சதுரம். நான்கு பக்கமும் காற்றாடி இறக்கை போல நான்கு கைகள். குருத்தோலை ஞாயிறன்று நாம் மடிக்கும் சிலுவை போல இராது. நாம் எல்லோரும் படித்த கான்வென்டில் ஐரிஷ் சிஸ்டர்கள், பிப்ரவரி முதல் நாள், புனித பிரிஜித் திருநாளில் நமக்குக் கற்றுக்கொடுத்தது. கில்டேர் மடத்துத் தலைவியான அந்தப் புனிதை மாடுகளுக்கும் காவல். அதனால்தான் டீச்சர் அதைக் கொட்டகையில் கட்டினார். என் சிலுவை அவிழ்ந்துவிடும், அவருடையது அவிழாது.

அயர்லாந்தில் முன்காலத்தில் பிரிஜித் என்றொரு தெய்வமும் இருந்ததாக ஒருமுறை வகுப்பில் சொல்லிவிட்டார். மறுநாள் ஒரு மாணவியின் தகப்பனார் சண்டைக்கு வந்தார்.

“அப்ப ஒங்க பேரு பேய் பேருங்களா டீச்சர்?”

“பேரு ரொம்பப் பழசுங்க. புனிதையே அதை விட்டு ஓடலை. நான் ஏன் ஓடணும்? உக்காருங்க, காபி சாப்பிடுங்க.”

வந்தவர் காபி குடித்துவிட்டுப் போனார்.

கன்றுக்குட்டிக்குக் கடலில் அலைந்த துறவி பிரெண்டனின் பெயரை வைத்தார். அது அவிழ்த்துக்கொண்டு விராலிமலை ரோடு வரை ஓடும். பிடித்து வருவது என் கணவர். ஒருநாள் கேட்டேவிட்டார்.

“வீட்டோட இருந்த சாமியார் ஒருத்தர்கூடவா கிடைக்கலை டீச்சர்?”

“கெவின் இருக்காருங்க சார். கையில குருவி கூடு கட்டுனப்பகூட அசையலையாம். அடுத்ததுக்கு வச்சிருவோம்.”

வைத்தார். அதுவும் ஓடியது.

என் கணவர் இறந்தபோது வந்தவர்கள் எல்லோரும் ஏதேதோ சொன்னார்கள். பிரிஜித் மட்டும் என் நிலைவாசலுக்கு மேல் ஒரு கோரைச் சிலுவையைக் கட்டிவிட்டுப் போனார்.

டீச்சரின் அடக்கத்துக்கு மறுநாள் அருள் கொட்டகைச் சிலுவையோடு வந்து நின்றான்.

“பெரியம்மா, ஊரே பேசுது. இதை எரிச்சிரவா?”

“மேல பாரு” என்றேன்.

நிமிர்ந்து பார்த்தான். “இங்கிட்டும் இருக்கா!”

“என்னைப் பாத்தா மந்திரம் வைக்கிறவ மாதிரியா இருக்கு?”

சிரித்துவிட்டான். எரிக்கவில்லை. கல்லறைக் கல்லில் அதே வடிவத்தைச் செதுக்கலாம் என்கிறான், பங்குத்தந்தைக்கும் சம்மதம். டீச்சர் வீட்டார்தான் தயங்குகிறார்கள். ஒரு கிழவியின் சொல் அவர்களுக்குப் போதவில்லை. ஆனாலும் தீயிலிருந்து தப்பியதே, எனக்கு மூச்சு வந்தது.

அவருடையதாக என்னிடம் இருப்பவை வாசல் சிலுவையும், வம்புக்கு வந்தவருக்குக் காபி கொடுக்கும் வழக்கமும். இரண்டாவது எனக்கு இன்னும் சரியாக வரவில்லை.

அருள் துபாய்க்குத் திரும்புவதற்குள் கல்தச்சரிடம் சொல்லியாக வேண்டும். டீச்சர் பின்னிய சிலுவை உங்கள் வீட்டிலும் இருந்தால், எங்கே கட்டியிருக்கிறீர்கள் என்று எழுதுங்கள். போன் வேண்டாம். டீச்சர் வீட்டாரிடம் காட்ட வேண்டும், அதனால் கையெழுத்திட்டு, தபாலில் அனுப்புங்கள்.