துரை கேட்டது

எங்கள் சித்தியைப் பிடித்திருப்பது ஒரு வெள்ளைக்காரத் துரைதான் என்பதில் மரக்காணத்தில் எங்கள் தெருவில் யாருக்கும் சந்தேகம் இல்லை. எனக்கு எப்படி இருக்கும்? முதலில் அவர் குரலைக் கேட்டதே நான்தான்.

உப்பளத்தைத் தாண்டிக் கூரை போன ஒரு கட்டடம் உண்டு. வெள்ளைக்காரன் காலத்து உப்பு ஆபீஸ். காய்ச்சலில் செத்த துரை ஒருவர் அங்கேயே தங்கிவிட்டார் என்றும், வேலையாட்கள் வீடு திரும்பிய பிறகு உச்சி வெயிலில் உலாவுவார் என்றும் சொல்வார்கள். கோடை விடுமுறையில் ஒருநாள், தாத்தா எங்கள் உப்புப் பாத்தியோரம் மறந்துவிட்டு வந்த தூக்குவாளியை எடுக்கப் போனேன். அந்தச் சுவருக்குள்ளிருந்து இங்கிலீஷ் கேட்டது. எங்கள் டீச்சர் பேசுகிற இங்கிலீஷ் அல்ல. மூக்கால் வந்தது, பாதி வார்த்தை விழுங்கிய மாதிரி இருந்தது. நடுவில் "பிளடி ஹெல், மேட்!" என்று ஓர் அதட்டல், அப்புறம் சிரிப்பு. எட்டிப் பார்த்தால் சித்தி மட்டும் சுவரைப் பார்த்துக் கையை ஆட்டிக்கொண்டு நிற்கிறாள். பாவாடை நனைந்ததுகூடத் தெரியாமல் வீடு வரைக்கும் ஓடினேன். காய்ச்சல் வந்துவிட்டது. என்னத்தைப் பார்த்துப் பயந்தாய் என்று அம்மா கேட்க, எல்லாவற்றையும் உளறினேன்.

சித்தி என்பது அம்மாவின் தங்கை. அந்த வைகாசியில் அவளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை பக்கத்துப் பாத்திக்காரர் மகன். இரண்டு பாத்தியும் ஒன்றாகிவிடும் என்று தாத்தாவுக்கு வாயெல்லாம் பல். சித்திக்கோ சென்னையில் ஃபோனில் பேசுகிற வேலைக்குப் போக ஆசை. அந்தப் பக்கம் பேசுகிறவர்கள் சீமைக்காரர்களாம், அவர்களுடைய கொச்சையெல்லாம் தெரிந்தால்தான் எடுப்பார்களாம். "பொட்டப் புள்ள ராத்திரி வேலைக்குப் போறதா?" என்று தாத்தா ஒரேயடியாக முடித்துவிட்டார்.

கீழ்புத்துப்பட்டுப் பக்கமிருந்து பூசாரியைக் கூட்டிவந்தார்கள். வாசலில் சித்தியை உட்காரவைத்துத் தலைமயிரை அவிழ்த்துவிட்டார்கள். உடுக்கைச் சத்தம் கேட்டதும் அம்மாவின் முந்தானைக்குள் புகுந்துகொண்டேன்.

"எனக்கு ஒண்ணும் இல்லப்பா. இன்டர்வியூவுக்குத்தான் பேசிப் பாத்தேன்" என்று சித்தி அழுதாள்.

"பேய் அப்படித்தாங்க சொல்லும்" என்றார் பூசாரி. பிரம்பு அவள் முதுகில் விழுந்தது. மறுபடியும் விழுந்தது. ஒவ்வோர் அடிக்கும் என் உடம்பு தூக்கிப்போட்டது. சித்தி செத்துவிடுவாள் என்று நினைத்தேன்.

கடைசியில் அவர் கேட்டார்: "யார்ரா நீ? இன்னா குடுத்தா போவே?"

எங்கள் பக்கம் இந்தக் கேள்விக்குப் பேய் எதைக் கேட்டாலும் கொடுத்தாக வேண்டும். கறுப்புக் கோழியோ, சாராயமோ, சொன்ன சொல் தவறினால் குடும்பம் விளங்காது.

சித்தியின் அழுகை நின்றது. மெதுவாகத் தலையை நிமிர்த்தினாள்.

"பிளடி ஹெல்!"

கூட்டம் வேலி வரைக்கும் பின்வாங்கியது. உடுக்கை நின்றது. அதே மூக்குக் குரல்தான். மடமடவென்று இங்கிலீஷ் கொட்டியது. பொருள் வந்து சேரவில்லை என்று ஃபோனில் கத்துகிற வாடிக்கைக்காரரைச் சமாதானப்படுத்துகிற பேச்சு அது என்று இப்போது தெரியும். அப்போது முந்தானையால் காதைப் பொத்திக்கொண்டேன். சித்தி முடிக்கற்றைக்குள்ளிருந்து தாத்தாவை உற்றுப் பார்த்து, "யூ ஆர் எ நைஸ் மேன்" என்றாள்.

"பாத்தீங்களா, தொர பெரியவங்கள மதிக்கிறாரு" என்றார் பூசாரி. ரொம்பப் பழைய இங்கிலீஷில் 'நைஸ்' என்றால் முட்டாள் என்று அர்த்தமாம். வெகுகாலம் கழித்துச் சித்தி சொன்னாள். செத்துப்போன துரை பழைய இங்கிலீஷ்தானே பேசுவார் என்று சிரித்தாள்.

அப்புறம் துரை தமிழுக்கு வந்தார். "இந்தப் பொண்ணு கல்யாணம் வேணாம். மெட்ராஸ் வேலைக்கு அனுப்பு. இல்லே, நான் போவ மாட்டேன்."

தாத்தா கற்பூரத்தை வெறும் உள்ளங்கையில் ஏற்றினார். கை சுட்டதா என்றுகூடப் பார்க்கவில்லை. "அனுப்பிடுறேங்க தொர. சத்தியமா அனுப்பிடுறேன். என் பொண்ண விட்டுடுங்க" என்று மகள் முன்னால் மண்டியிட்டு அழுதார்.

சித்தி சாய்ந்து விழுந்தாள். தண்ணீர் தெளித்ததும் கண் திறந்தாள். துரை போய்விட்டார் என்றார்கள். மாப்பிள்ளை வீட்டார் தாங்களாகவே விலகிக்கொண்டார்கள். அடுத்த வாரம் சித்தி சென்னை பஸ் ஏறினாள். முத்தம் கொடுக்கக் குனிந்தவளிடமிருந்து நான் அலறிக்கொண்டு ஓடினேன். ஜாக்கெட்டுக்கு வெளியே பிரம்புத் தழும்பு தெரிந்தது.

இதே வேலையைத்தான் அவள் மாசக்கணக்கில், இதே வாசலில், தாத்தாவின் காலைப் பிடித்துக்கொண்டு தமிழில் கேட்டிருந்தாள். துரை ஒரு தடவை கேட்டதும் தாத்தா கொடுத்துவிட்டாரே, பாவம் சித்திக்குச் சரியாகக் கேட்கத் தெரியவில்லை என்றுதான் அன்று நினைத்தேன்.