ஒரு நாள் வைத்திருக்கச் சொன்ன அறிவித்தல்

மன்னாரில் மரண அறிவித்தல் அடித்துக் கொடுப்பது என் தொழில். இப்போது மதிலில் ஒட்டும் தாளை விடக் கைபேசிக்குப் போகும் லிங்க்தான் முக்கியம். படத்தை இணையச் சேமிப்பகத்தில் ஏற்றி லிங்கைக் கொடுத்துவிட்டால், அது கனடா வரை தானாகப் போய்விடும்.

ஒருமுறை ஓர் அம்மாவின் அடக்கம் பின்னேரம் நாலு மணி என்று போட்டு, முதல்நாள் மாலையே லிங்கைக் கொடுத்திருந்தேன். அடக்கத்தன்று காலையில் அவருடைய மகன் ஓடி வந்தார். பங்குச் சுவாமிக்கு வேறு அலுவலாம், அடக்கப் பூசை இரண்டு மணிக்காம். இரண்டு லிங்க் இருந்தால் சனம் குழம்பும் என்று, பெரிய கெட்டிக்காரன் போல, அதே கோப்புப் பெயரில் புதுப் படத்தை ஏற்றினேன். கணினியில் திறந்தேன். இரண்டு மணி என்றிருந்தது.

"மாத்தியாச்சு. லிங்கைத் திரும்பப் பாக்கச் சொல்லி எல்லாருக்கும் போடுங்கோ" என்றேன். அவரும் அப்படியே குடும்பக் குழுவில் போட்டார்.

இறந்தவரின் ஒரே தம்பி முள்ளிக்குளத்திலிருந்து வந்து இறங்கும்போது மணி மூன்றரை. ஊர் மயானமான சேமக்காலையில் குழி மூடியாகிவிட்டது. அக்காவுக்கு ஒரு பிடி மண் போட அவருக்குக் கிடைக்கவில்லை.

"மாமா லிங்கைத் திறந்தே பாக்கேல்லை" என்றார் மகன், எல்லார் முன்னாலும்.

"காலமையும் பாத்தனான். நாலு மணியெண்டுதான் கிடந்தது."

அடக்கத்துக்குப் போயிருந்த நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "நீங்கள் நேற்றுப் பாத்ததைச் சொல்லுறியள் அண்ணை" என்றேன். அக்காவின் மகனான அந்த மருமகன் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார். அந்த மனிதர் கைபேசியைப் பிடித்தபடியே நின்றார்.

கடைக்கு வந்து என் கைபேசியில் லிங்கைத் தட்டினேன். முதல்நாள் மாலை சரிபார்க்கத் திறந்த அதே கைபேசி. நாலு மணி என்று காட்டியது.

ஒரு கோப்பைக் கேட்டால், சேமிப்பகம் அதற்கு முன்னால் சில வரிகளை அனுப்பும். என்ன வகைக் கோப்பு, கடைசியாக எப்போது மாறியது, எவ்வளவு நேரம் கையில் வைத்திருக்கலாம் என்றெல்லாம் அதில் இருக்கும். ஹெடர் என்பார்கள். படம் பார்க்கிறவர் கண்ணில் அது படாது, கைபேசிதான் அதை வாசித்து நடக்கும். கணினியில் அந்த வரிகளை விரித்துப் பார்த்தேன். வைத்திருக்கும் நேரத்தைச் சொல்லும் கேஷ் கன்ட்ரோல் என்ற இடத்தில் எண்பத்தாறாயிரத்து நானூறு வினாடி, அதாவது ஒரு நாள். வேறு யாரும் போட்டதல்ல. முள்ளிக்குளம் இருக்கும் முசலிப் பக்கம் சிக்னல் மோசம், ஒரே படம் திரும்பத் திரும்ப இறங்க வேண்டாமே என்று நானே போட்டது. ஒரு நாளுக்குத் திரும்பக் கேட்காதே, கையில் இருப்பதையே காட்டு என்று அவருடைய கைபேசிக்குச் சொல்லிவைத்தவன் நான். கணினியில் அன்றுதான் முதன்முதல் திறந்தேன், அதனால் எனக்குப் புதியது வந்தது. ஊரில் இருந்தவர்களுக்கு நேரம் வாய்ச்சொல்லிலேயே போய்ச் சேர்ந்திருந்தது.

மறுநாள் முள்ளிக்குளம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். வெட்கமாக இருந்தது.

"அப்ப நான் பாத்தது சரிதானே?"

"ஓம் அண்ணை. பிழை என்ர."

"எனக்கேன் சொல்லுறியள்? மருமோனுக்குச் சொல்லுங்கோ."

அங்கிருந்து நேரே மருமகனிடம் போனேன். மாமா பார்த்தது சரி, பிழை என்னுடையது என்று அவரிடமும் சொன்னேன்.

முப்பத்தோராம் நாள் பூசை அறிவித்தலையும் என்னிடமே தந்தார்கள். திறக்கும்போதெல்லாம் மாறியிருக்கிறதா என்று கேட்டுப் பார் என்று அதன் ஹெடரில் போட்டேன். லிங்க் எல்லாருக்கும் போனது. மாமாவுக்கு மட்டும் மருமகன் அனுப்பவில்லை. மோட்டார் சைக்கிளில் முள்ளிக்குளம் போய், நேரத்தை வாயால் சொல்லிவிட்டு வந்தார்.