தோளில் இருந்த கை

தனலட்சுமி இறந்துபோன செய்தி வந்தபோது கடையில் ஒரு மஞ்சள் நீராட்டு விழா பேனர் அச்சாகிக்கொண்டிருந்தது. அவருடைய தம்பிதான் பேசினார். "அக்கா போயிட்டாங்கண்ணே," என்றவர், நான் வாய் திறப்பதற்குள், "பேனர நீங்களே பாத்துக்குங்க," என்று சொல்லிவிட்டு அழ ஆரம்பித்தார். காய்ச்சல் என்று ஆஸ்பத்திரியில் சேர்த்து ஒரு வாரம்கூட ஆகியிருக்காது. நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டது என்றார்கள். மெஷினை நிறுத்த வேண்டும் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை. யாரோ ஒரு வீட்டுப் பெண்ணின் சிரித்த முகம் வரிவரியாக வெளியே வருவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

இதைப் படிக்கும் பலருக்கு அவரை நேரில் தெரியும். தெரியாது என்று நினைப்பவர்களும் அவர் வேலையைப் பார்த்திருப்பீர்கள். கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வரை, அங்கிருந்து மலைமேல் வெள்ளிமலை வரை, முச்சந்திகளில் கட்டிய கண்ணீர் அஞ்சலி பேனர்களில் பெரும்பாலானவை அவர் கணினியில் செய்தவை. படத்தை அவர் அமைப்பார். கீழே நான்கு வரி இரங்கல் கவிதை எழுதுவது என் வேலை. எங்களுக்கு அவர் தனம். என்னைக் "கவிஞரே" என்றுதான் கூப்பிடுவார். அதில் மரியாதை பாதி, கிண்டல் பாதி.

"இன்னா கவிஞரே, இவருக்கும் 'மலர்ந்த முகமே'தானா? போன வாரம் செத்தவருக்கும் அதானே மலர்ந்துது?" என்பார். நான் கோபித்துக்கொண்டு வரியை மாற்றுவேன். மாற்றிய வரி முதலில் எழுதியதைவிட மோசமாக இருந்தால் அதையும் முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார்.

அஞ்சலி பேனரை வைத்தே ஊர் எந்தக் காலத்தில் இருக்கிறது என்று சொல்லிவிடலாம் என்பது அவருடைய கட்சி. அவர் வேலைக்கு வந்த புதிதில் கண்ணீர் வடியும் ஒற்றைக் கண்ணும் எரியும் மெழுகுவர்த்தியும் போட்டால் போதும். பிறகு மேகம் வந்தது, புறா வந்தது. அப்புறம் சிம்மாசனம், இரண்டு பக்கமும் சிங்கம். வாழ்நாள் முழுக்க வேட்டி கட்டி வயலில் நின்ற மனிதருக்குக் கோட்டு சூட்டு மாட்டிவிடச் சொல்லி மகன்கள் கேட்டார்கள். தனம் முகம் சுளிக்காமல் மாட்டிவிடுவார். "உயிரோட இருந்தப்ப யாரும் ஒரு சேர் போட்டு ஒக்கார வெச்சிருக்க மாட்டாங்க. செத்தாவது சிங்காசனத்துல ஒக்காரட்டும். இதுல நமக்கு இன்னா நஷ்டம்?" என்பார்.

ஒருமுறை திருக்கோவிலூர் பக்கம் ஒரு பேனருக்கு அளவெடுக்கப் போனோம். வழியில் டீ குடிக்க நின்ற இடத்தில், கரும்புக் கொல்லையின் வரப்போரம் ஒரு நடுகல் சாய்ந்து கிடந்தது. கையில் வில், இடுப்பில் கத்தி, காலடியில் மாடுகள். மஞ்சள் பூசிப் பூ வைத்திருந்தார்கள். டீக்கடைக்காரர், "ஊரு மாட்ட ஓட்டிக்கினு போனவங்கள எதுத்துச் செத்தவராம். எங்க பாட்டன் காலத்துலேர்ந்து இங்கதான் கீறாரு," என்றார். தனம் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அந்தக் கல்லின் முன்னால் குந்தி உட்கார்ந்துவிட்டார். தொழில்காரி பார்க்கிற பார்வை அது. தோள் எப்படி வளைகிறது, கால் எப்படி ஊன்றுகிறது என்று விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்.

"பாத்தீங்களா கவிஞரே, எதுக்குச் செத்தான்னு கல்லுலயே கீது. நாம மேகம் போடறோம், சிங்கம் போடறோம். எதால செத்தான்னு என்னிக்காவது போட்டிருக்கமா?"

"வீட்டுக்காரங்க ஒத்துக்க மாட்டாங்கம்மா," என்றேன்.

"அதாங்க நம்ம காலம். செத்தது ஊருக்கே தெரியணும். எதால செத்தான்னு பக்கத்து வூட்டுக்குக்கூடத் தெரியக் கூடாது."

அன்று நான் அதைப் பேச்சோடு பேச்சாக விட்டுவிட்டேன். அவர் விடவில்லை என்பது அண்ணாமலை கடைக்கு வந்த பிறகுதான் எனக்குப் புரிந்தது.

அண்ணாமலை கல்வராயன் மலையில் ஒரு சிற்றூர்க்காரர். முப்பது வயதுக்குள் இருக்கும். கூட்டாளி இறந்துவிட்டார், பேனர் வேண்டும் என்று செல்போனை நீட்டினார். அதில் இருந்தது ஒரு கூட்டப் படம். ஒரு வேனுக்கு முன்னால் பத்துப் பன்னிரண்டு ஆண்கள் வரிசையாக நிற்கிறார்கள். "இவன மட்டும் வெட்டி எடுங்க," என்று ஒருவரைத் தொட்டுக் காட்டினார். எப்படி இறந்தார் என்று கேட்டதற்கு, "வெளியூர்ல வேலைக்குப் போன எடத்துல பாறையிலேர்ந்து வுழுந்துட்டான்," என்றார். இறந்தவரின் தோளில் பக்கத்தில் நின்றவரின் கை கிடந்தது. கூட்டப் படத்திலிருந்து ஒரு ஆளை எடுக்கும்போது இது எப்போதும் வரும் தொல்லை. தனம் அந்தக் கையை அழித்து, அந்த இடத்தில் சட்டைத் துணியை இழுத்து நிரப்பி, மேகத்தின் நடுவில் அவரை நிறுத்தினார். நான் 'மலர்ந்த முகமே' இல்லாமல் நான்கு வரி எழுதினேன்.

கொஞ்ச நாள் கழித்து அண்ணாமலை மறுபடியும் வந்தார். வேறு ஆள், அதே படம். இந்த முறை மாரடைப்பு என்றார். தனம் ஆளை வெட்டி எடுத்தார். இவர் தோளிலும் ஒரு கை. அதை அழிக்கப் போனவர் நின்றுவிட்டார். பழைய கோப்பைத் திறந்து, முதலில் வெட்டி எடுத்த ஆளையும் கூட்டப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். கூட்டத்தின் நடுவில் வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர், இரண்டு பக்கமும் இரண்டு பேர் தோளில் கை போட்டுக்கொண்டு சிரிக்கிறார். செத்தவர்கள் அந்த இரண்டு பேர்.

"இவரு யாருங்க?" என்று கேட்டார் தனம்.

"மேஸ்திரி. வேலைக்கு ஆளு இட்டுக்கினு போவாரு."

"இன்னா வேலை?"

அண்ணாமலை வாசலைத் திரும்பிப் பார்த்தார். "மரம் வெட்டத்தான்க்கா. ஆந்திரா பக்கம்."

"எந்த மரம்?"

 அவர் சொல்ல வேண்டிய தேவை இருக்கவில்லை. காட்டுக்குள் திருட்டுத்தனமாகச் செம்மரம் வெட்டப் போய் எப்படி எப்படியோ திரும்பியவர்களைப் பற்றி இந்தப் பக்கத்தில் தெரியாதவர்கள் யாரும் இல்லை. அண்ணாமலையும் அந்தப் படத்தில் ஓரமாக நின்றுகொண்டிருந்தார் என்பதை நான் அப்போதுதான் கவனித்தேன்.

தனம் அந்தக் கையை அழிக்கவில்லை. மேகம் போட்டார், மாலை போட்டார், தோற்றம் மறைவு எல்லாம் போட்டார். தோளில் அந்தக் கையை மட்டும், மணிக்கட்டில் இருந்த தடித்த வெள்ளிக் காப்போடு, அப்படியே விட்டுவிட்டார். கடை முதலாளி எழுந்து வந்து பார்த்தார். "அத எடுத்துடும்மா, நமக்கு எதுக்கு வம்பு?" என்றார். நானும் அதையேதான் சொன்னேன். "கேட்டா, வேலை தெரியாதவ, அழிக்க மறந்துட்டான்னு சொல்லிடுங்க," என்றார் தனம். இறந்தவரின் வீட்டுக்காரர்கள் பார்த்துவிட்டேதான் வாங்கிப் போனார்கள். மலை ஏறும் வழியில் ஒரு திருப்பத்தில் கட்டினார்களாம். மறுநாளே அதைக் காணோம். கிழித்திருந்தால் துண்டாவது கிடந்திருக்கும். கட்டிய கயிற்றோடு காணோம் என்றார் அண்ணாமலை.

அதே வாரம் ஒரு பகல் வேளையில் வெள்ளைச் சட்டைக்காரர் கடைக்கு வந்தார். மகளுக்குப் பிறந்தநாள், நல்ல பேனராகச் செய்து தர வேண்டும் என்றார். குரல் உயரவே இல்லை. நாற்காலியை இழுத்து என் பக்கத்தில் போட்டுக்கொண்டு, என் தோளில் கை வைத்தபடி தனத்தின் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "போட்டோ எல்லாம் நல்லா கட் பண்றீங்கம்மா. ஆனா ஒண்ணு ரெண்டு எடத்துல வேண்டாதது நின்னு போயிடுது. கண்ணுல கோளாறு இருந்தா காட்டிக்கங்க," என்றார். தனம் திரும்பாமலே, "கண்ணு நல்லாத்தாங்க கீது," என்றார். அவர் போன பிறகும் அந்தக் கையின் கனம் என் தோளில் இருந்தது. எனக்குப் பயமாக இருந்தது. அன்றிலிருந்து கடைக்கு முன்னால் ஏதாவது வண்டி நின்றால் நான் எழுத்தை விட்டுவிட்டு எட்டிப் பார்ப்பேன். தனமும் பயந்தார். ஆனால் அந்தப் பிறந்தநாள் பேனரை ஒரு குறையில்லாமல் செய்து கொடுத்தார். குழந்தை என்ன செய்தது என்றார்.

அடுத்த முறை அண்ணாமலை வந்தது பேனருக்காக அல்ல. மகளின் பள்ளிக்கூடத்துக்குப் போட்டோ எடுக்க வந்தவர், போகிற போக்கில், "அடுத்த வாரம் நானும் மறுபடி கெளம்புறேன்க்கா. வேன் சொல்லிட்டாங்க," என்றார்.

"அந்த ஆளு கூடயா?"

"வேற யாரு கூப்புடறாங்க? மலையில இன்னா வேலை வெச்சிக்கினு குந்தியிருக்கேன்னு வூட்ல கேக்குறாங்க."

தனம் அவரை உட்காரச் சொன்னார். அந்தக் கூட்டப் படத்தைத் திறந்தார். ஓரத்தில் நின்ற அண்ணாமலையை வெட்டி எடுத்தார். நிதானமாக முடியோரத்தைச் சுத்தம் செய்தார், மேகத்தை விரித்தார், மாலையை மாட்டினார். மேலே கண்ணீர் அஞ்சலி என்று அடித்தார். முதலில் புரியாமல் பார்த்துக்கொண்டிருந்த அண்ணாமலையின் முகம் மெல்ல மாறியது.

"தோற்றம் எந்தத் தேதிங்க?" என்று கேட்டார் தனம். விரல்களை விசைப்பலகையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். "சொல்லுங்க. மறைவ அப்புறம் போட்டுக்கலாம். வேட்டியா, கோட்டா? பொண்ணு பேரு இன்னா? கீழ போடணும்."

அண்ணாமலை நாற்காலி பின்னால் சரிய எழுந்தார். "நீயெல்லாம் ஒரு பொம்பளயா? உன் வாயில மண்ணு வுழ!" என்று கத்தினார். தெருவே திரும்பிப் பார்க்கும்படி வெளியேறிப் போய்விட்டார். மகளின் போட்டோவைக்கூட எடுத்துக்கொள்ளவில்லை.

நான் தனத்தைத் திட்டினேன். உயிரோடு இருக்கிறவனுக்கு யாராவது மாலை போடுவார்களா, எந்த வீட்டிலாவது இதைப் பொறுப்பார்களா என்று வாய்க்கு வந்தபடி கேட்டேன். அவர் சாப்பாட்டுத் தூக்கைத் திறக்கவே இல்லை. கடைசியில் சொன்னார்: "கல்லு செதுக்கினவனுக்கு, செத்தப்புறம்தான் சேதி வந்திருக்கும் கவிஞரே. எனக்கு முன்னாடியே தெரியுது. தெரிஞ்சும் மேகம் போட்டுக்கினு குந்தியிருந்தா நான் இன்னாத்துக்கு?"

அண்ணாமலை போனாரா, இருக்கிறாரா என்று எங்களுக்குத் தெரியவில்லை. தனம் கடைசிவரை அதைக் கேட்டுக்கொண்டே இருந்தார். மலையிலிருந்து யார் ஆர்டர் கொண்டுவந்தாலும், செல்போனை வாங்கி முகத்தைப் பார்க்கும் வரை அவர் மூச்சு விடமாட்டார். ஆஸ்பத்திரியில் நான் பார்க்கப் போனபோதும் ஆக்சிஜன் முகமூடியை இறக்கிவிட்டு, "மலைலேர்ந்து யாராச்சும் வந்தாங்களா?" என்றுதான் கேட்டார். இல்லை என்றேன். அது நல்ல செய்தியா கெட்ட செய்தியா என்று இரண்டு பேருக்கும் சொல்லத் தெரியவில்லை.

அவருக்கான பேனரை நான்தான் செய்தேன். என் கைக்கு வராத வேலை. மேகம் போடவில்லை. கணினிக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் படத்தையே வைத்தேன். கருமாதி முடிந்து கடை திறந்த அன்று, அந்தப் பேனரின் கீழே ஒரு ஆள் நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணாமலை.  அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். சூடாக இருந்தது.

"நான் போவலண்ணே. அன்னிக்கு வூட்டுக்குப் போய் சோறு எறங்கல. கண்ண மூடினா அந்த மாலதான். வேன் வந்துது, படுத்துக்கினேன். கெளம்பிப் போச்சு," என்றார். பேனரை ஒருமுறை அண்ணாந்து பார்த்தார். "போனவங்க இன்னும் திரும்பல. போனும் போவல."

அழுவதற்குக்கூட எங்களுக்கு நேரமில்லை என்பது அடுத்து அவர் செல்போனை எடுத்தபோது தெரிந்தது. அதில் இரண்டு பையன்கள், மீசை சரியாக அரும்பாதவர்கள், புது ஜீன்ஸ் போட்டுக்கொண்டு அருவிக்கு முன்னால் நிற்கிறார்கள்.

"எங்க ஊரு பசங்க. அடுத்த வேனுக்குப் பேர் குடுத்துட்டானுங்க. நான் சொன்னா சிரிக்கிறானுங்க. அக்கா எனக்குப் போட்ட மாரி இவனுங்களுக்குப் போட்டுக் குடுங்கண்ணே. நானே எடுத்துக்கினு போய்க் காட்டறேன். என்னத் திட்டட்டும், அடிக்கட்டும்."

முதலாளி உள்ளே எழுந்து போய்விட்டார். வேண்டாம் என்றும் சொல்லவில்லை. நான் தனத்தின் நாற்காலியில் உட்கார்ந்தேன். அந்தச் சிரிப்புகளை ஓரம் பிசிறாமல் வெட்டி எடுக்க எனக்கு மதியம் ஆகிவிட்டது. கவிதை எழுதவில்லை. தனலட்சுமியிடமிருந்து எனக்கு வந்து சேர்ந்தது இந்த வேலை. இதைச் செய்யும் பயமும் சேர்ந்தேதான் வந்திருக்கிறது. தோற்றம் என்ற இடத்தில் அண்ணாமலை சொன்ன தேதிகளை அடித்தேன். மறைவு என்று அடித்துவிட்டு, அதற்கு நேரே ஒன்றும் எழுதாமல், அச்சுக்கு அனுப்பினேன்.