முழு ஷட்டர்

மட்டாஞ்சேரி பஜாரில் இருக்கும் என் மாவுக்கடையின் ஷட்டருக்குப் பகலில் இரண்டு நிலைதான் தெரியும். காலை ஆறு மணிக்கு முழுசாக மேலே. மத்தியானம் இரண்டிலிருந்து நான்கு வரை இடுப்பளவு கீழே. இடுப்பளவு என்றால் ஓய்வு நேரம் என்று அர்த்தம். அப்படித்தான் தமிழிலும் மலையாளத்திலும் பலகை எழுதித் தொங்கவிட்டிருக்கிறேன்.

அந்தப் பலகையை முதலில் மதிக்காதவன் நான்தான். சோற்றை உருட்டி வாயருகே கொண்டுபோகும்போது ஷட்டருக்குக் கீழே ஒரு ஜோடிக் கால் வந்து நிற்கும். காலைப் பார்த்தே ஆள் யார், அவருக்கு இட்லி மாவா, அப்பத்து மாவா என்று சொல்லிவிடுவேன். இடது கை தானாகப் பாக்கெட்டை நீட்டும். "நம்ம கல்யாண போட்டோல யார் யார் நிக்கிறாங்கன்னு உங்களுக்குத் தெரியாது. ஊர்க்காரங்க கால் மட்டும் நல்லாத் தெரியும்" என்று மனைவி ஒருமுறை சொன்னாள். பதில் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் ஒரு கால் வந்துவிட்டது.

இந்த லட்சணத்தில் எனக்கு ஒரு மகள். ஏழாம் வகுப்பு. பள்ளிப் பெண்கள் கால்பந்து அணியின் கோல்கீப்பர். கால் இறுதி ஆட்டத்துக்கு வருகிறேன் என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்தேன். போய்ச் சேர்ந்தபோது வலையைக் கழற்றிச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். அரை இறுதிக்கு நேரத்துக்கே போய்விட்டேன், கோலுக்குப் பின்னாலேயே நின்றேன். கையில் போன் இருந்ததுதான் தப்பு. தோப்பும்படியிலிருந்து ஒரு கல்யாண வீட்டுக்காரர் கூப்பிட்டு அப்பத்து மாவு கேட்டார். எவ்வளவு புளிப்பு வேண்டும் என்று இருவரும் ஆழமாக விவாதித்தோம். நிமிர்ந்து பார்த்தால் ஆட்டம் முடிந்து எல்லாரும் குதித்துக்கொண்டிருந்தார்கள். நானும் குதித்தேன்.

வீட்டுக்கு வரும் வழியில் மகள் கேட்டாள்: "அப்பா, நான் எத்தனை பந்து புடிச்சேன்?"

நாலு என்றேன். குறைவாகச் சொல்லிவிட்டோமோ என்று பயந்து, அஞ்சுகூட இருக்கும் என்றேன்.

"என் பக்கம் பந்தே வரல அப்பா."

வீட்டு வாசலில் நின்று சொன்னாள்: "ஃபைனலுக்கு வந்தா பாக்கணும். பாக்க முடியாதுன்னா இனி ஒரு மேட்ச்சுக்கும் வரவேண்டாம்." கோபமாகச் சொல்லியிருந்தால் ஒரு சாக்லேட்டில் சமாளித்திருப்பேன். வீட்டுவரி ரசீது நீட்டுகிற ஆள் மாதிரி அமைதியாகச் சொன்னாள்.

ஃபைனல் புதன்கிழமை மாலை நான்கு மணிக்கு. மாவு பறக்கிற நேரம். அரை ஷட்டர் போதாது, முழுசாக இறக்கிவிடுவது என்று முடிவு செய்தேன். அந்த முடிவை எடுத்ததிலிருந்து எனக்குக் கால் தரையில் பாவவில்லை. கிரைண்டர் சத்தத்துக்குப் பாட்டு வேறு பாடினேன். "மகளுக்கு ஃபைனல். ஆறு மணிக்குத் திறக்கும்" என்று இரண்டு மொழியிலும் கொட்டை எழுத்தில் எழுதி, பாதி இறங்கியிருந்த ஷட்டரில் டேப் போட்டு ஒட்டினேன். உள்ளே நின்றபடியே இரண்டடி பின்னால் போய் அழகு பார்த்தேன். பிறகு குனிந்து வெளியே வந்து, தடாலென்று ஷட்டரைத் தரை வரைக்கும் இழுத்துப் பூட்டினேன். போனை அணைத்து மனைவியின் பையில் போட்டேன். ஸ்கூட்டர் பறந்தது.

அதற்குப் பிறகு தெருவில் நடந்ததெல்லாம் பிற்பாடு மற்றவர்கள் எனக்குச் சொன்னவை. எங்கள் ஊரில் பகலில் ஷட்டர் தரையைத் தொட்டால் ஒன்று ஹர்த்தால், இல்லாவிட்டால் மரணம். ஹர்த்தால் அறிவிக்காத நாளில் பதினொரு வருஷமாகத் தொடாத ஷட்டர் தொட்டிருக்கிறது. பக்கத்துக் குடைக்கடைச் சேட்டன் எதற்கும் இருக்கட்டும் என்று தன் ஷட்டரைப் பாதி இறக்கினார். அவரைப் பார்த்து பப்படக் கடை இறங்கியது. அதைப் பார்த்து மசாலாக் கடை. கால் மணி நேரத்தில் பாதித் தெரு குனிந்துவிட்டது. எந்தக் கட்சி ஹர்த்தால் என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டார்கள். எந்தக் கட்சிக்கும் தெரியவில்லை. அப்படியானால் மரணம்தான். என் போனுக்கு அடித்தால் அணைந்திருக்கிறது. வீட்டுக்கு ஓடினால் பூட்டு. சேட்டன் என்னைத் தேடி ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ பிடிக்கும் சமயத்தில்தான் மீன் விற்கிற பெண் ஒருத்தி, நாங்கள் மைதானம் பக்கம் போனதைப் பார்த்ததாகச் சொல்லியிருக்கிறாள்.

இது எதுவும் தெரியாமல் நான் கோட்டோரத்தில் நகம் கடித்துக்கொண்டிருந்தேன். என் நகம் தீர்ந்து மனைவியின் நகத்துக்குப் போகலாமா என்ற நிலை. இரண்டு பக்கமும் கோல் இல்லை. பெனால்டி. எங்கள் பெண்கள் ஒரு கோல் முன்னால். எதிரணிக்குக் கடைசி உதை. தடுத்தால் கோப்பை.

மகள் கையுறையை இழுத்துவிட்டுக்கொண்டாள். பந்தைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள்.

சரியாக அப்போது என் தோளில் ஒரு கை விழுந்தது. "எடா, நீ ஜீவனோட உண்டோ?" சேட்டன் குரல். அவருக்குப் பின்னால் பல செருப்புச் சத்தம். யாராவது தட்டினால் திரும்பி மாவை நீட்டுவதே பழகிப்போன கழுத்து இது. தானாகத் திரும்ப ஆரம்பித்தது. இரண்டு கையாலும் என் தலையை நானே பிடித்து நேராக வைத்துக்கொண்டேன். சேட்டன் உலுக்கினார். நான் அசையவில்லை.

"உயிரோடதான் இருக்கேன் சேட்டா, ஒரு நிமிஷம்."

உதை விழுந்தது. பந்து தெறித்து வெளியே போனது. குதித்தேன். இந்தத் தடவை எதற்குக் குதிக்கிறேன் என்று தெரிந்து குதித்தேன். திரும்பினால் பாதி பஜார் நிற்கிறது. துக்கம் கேட்க வந்தவர்கள் என்னைக் கட்டிக்கொண்டு ஆடினார்கள். என்ன பாய்ச்சல், புலி மாதிரி பாய்ச்சல் என்றார் சேட்டன். அவர் அப்போது என் பிடரியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

மகள் மூச்சிரைக்க வந்து நின்றாள். யாரையும் கவனிக்கவில்லை. "அப்பா, எப்படிப் புடிச்சேன்?"

தேர்வு இதுதான் என்று எனக்குத் தெரியும். "நீ எங்க புடிச்ச? வலப்பக்கம் பாய்ஞ்ச. பந்து நட்ட நடுவுல வந்துச்சு. விழறப்ப உன் இடது கால் மேல தூக்கியிருந்துச்சு, அதுல பட்டுப் போயிடுச்சு. கண்ணை வேற மூடிட்டிருந்த."

மனைவி என் விலாவில் கிள்ளினாள். மகளின் சிரிப்பு காது வரைக்கும் விரிந்தது. "இதை யார்கிட்டயும் சொல்லாதீங்க" என்று மெல்லச் சொல்லி, வியர்வையில் ஊறிய கையுறைகளை என் கையில் திணித்தாள்.

ஊர்வலமாகத் திரும்பி வந்து ஷட்டரைத் தூக்கினேன். உட்பக்கத்தில் என் அறிவிப்பு கம்பீரமாக ஒட்டிக்கொண்டிருந்தது. மூன்று கிரைண்டர்களும் இரண்டு மணி நேரமாக அதைப் படித்திருக்கின்றன. சேட்டன் அதைப் படித்தார், என்னைப் பார்த்தார், சாயா குடிக்கப் போய்விட்டார்.

இப்போது புதன்கிழமைதோறும் நான்கு மணிக்கு முழு ஷட்டர். முதல் வாரம் இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள். போன வாரம் நான் உயிரோடு இருக்கிறேனா என்று ஒருத்தர்கூடக் கேட்கவில்லை, கொஞ்சம் வருத்தம்தான். மைதானத்தில் மகள் உதைக்கிறாள், கோலில் நான் நிற்கிறேன். எத்தனை பந்து பிடித்தேன் என்று அவள் கேட்பதே இல்லை. வந்ததெல்லாம் வலைக்குள்தான் கிடக்கிறது.