மருது வாங்கிய அடி

கராமாவில் எங்கள் கட்டடப் படிக்கட்டுக்கு இந்த வாரம் பெயின்ட் அடிக்கிறார்கள். தின்னர் வாடை மூக்கில் ஏறினால் எல்லோருக்கும் தலைவலி வரும்; எனக்கு மருதுவின் காதிலிருந்து வழிந்த ரத்தம் ஞாபகம் வரும். உங்களிடம் சொல்வதற்கென்ன, இதை இதுவரை யாரிடமும் முழுசாகச் சொன்னதில்லை.

மருது பரமக்குடிப் பக்கம், நான் குளச்சல். ஒரே ஏஜென்ட், ஒரே விமானம். இருவருக்கும் விசாவில் ஒரே வேலை, பெயின்டர். அஜ்மானில் கம்பெனியின் தொழிலாளர் கேம்பில் கட்டிலின் கீழ்த்தட்டு எனக்கு, மேல்தட்டு அவனுக்கு. மூன்றாம் மாதமே என்னை ஸ்டோர் பார்க்க உட்கார வைத்தார்கள். என் இங்கிலீஷுக்குக் கிடைத்த மரியாதை என்று வீட்டுக்குப் போன் போட்டுப் பீற்றிக்கொண்டேன். 'எஸ் சார்', 'டுமாரோ சார்', அவ்வளவுதான் என் இங்கிலீஷ்.

மருது சிரித்தான். "இங்கிலீசும் இல்ல, ஒண்ணும் இல்ல மாப்ள. ஒன் தோலு. நீ லெபனான்காரன் மாதிரி இருக்க. என்னயப் பாரு, அடுப்புக்குள்ள இருந்து எந்திரிச்சு வந்தவன் மாதிரி."

பொறாமையில் பேசுகிறான் என்று நினைத்தேன். அம்மா கொடுத்த வெளுத்த நிறம். ஊரில் கேலிக்குத்தான் உதவியது.

ஷார்ஜாவில் ஒரு வில்லா வேலை. சாமான் கொண்டுபோன நான், போன் பேசிக்கொண்டே திறந்திருந்த தின்னர் டின்னைக் காலால் தட்டிவிட்டேன். புதிதாக பாலிஷ் போட்ட மரத்தரை கண்ணெதிரே கொப்பளித்தது. ஃபோர்மேன் ஓடிவந்தார். அவரும் பிழைக்க வந்தவர்தான். என்னைத் தாண்டிப் போய், சுவரோரம் வேலை செய்துகொண்டிருந்த மருதுவின் கன்னத்தில் அறைந்தார்.

"நான்தான் கொட்டினேன்" என்று இந்தியில் கத்தினேன்.

"நீ விடு பாய், இவனுங்கள எனக்குத் தெரியும்" என்றார் அவரும் இந்தியில். ரோலர் கம்பை எடுத்தார். முதுகு, முழங்கை, பிறகு இடது காது. எலும்பில் கம்பு பட்ட சத்தம் வேறு மாதிரி இருக்கும். மருது உட்கார்ந்து தலையைப் பொத்திக்கொண்டான்; விரலிடுக்கில் ரத்தம் வந்தது. அப்போதும் அவர் நிறுத்தவில்லை.

கம்பைப் பிடுங்கி அவர் தோளில் அடித்தேன். அடுத்தது வாயில். பல் ஒன்று தெறித்தது. அந்த நொடி எனக்குச் சந்தோஷமாக இருந்தது, மறைக்க மாட்டேன்.

மற்ற ஆட்கள் என்னைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார்கள். "கலாஸ் பாய், கலாஸ்", போதும் விடு என்றார்கள். மருதுவின் கைகளை ஒயரால் பின்னால் கட்டி பிக்கப் வண்டியில் தூக்கிப் போட்டார்கள்.

மறுநாள் ஆபீசில், மருது ஃபோர்மேனைத் தாக்கியதாக ஒரு காகிதம் தயாராக இருந்தது. அடித்தது நான் என்று சொல்லி, வீங்கிய என் கையை நீட்டினேன். மேனேஜர் தோளில் தட்டி, நல்ல மனசு உனக்கு என்றார். பக்கத்தில் உதடு கிழிந்து உட்கார்ந்திருந்த ஃபோர்மேன் என்னைப் பார்க்கவேயில்லை. தான் மருதுவை அடித்ததை நியாயப்படுத்த அந்தக் காகிதம் அவருக்குத் தேவைப்பட்டது. ஐந்தாம் நாள் மருதுவை ஊருக்கு ஏற்றிவிட்டார்கள். நானும் வேலையை விட்டிருக்கலாம். விடவில்லை. அடுத்த வருஷம் சூப்பர்வைசர் ஆனேன்.

லீவில் பரமக்குடிக்குப் போனேன். "இந்தப் பக்கம் வந்து பேசு, அந்தக் காது கேக்காது" என்றான் மருது.

"மன்னிச்சிரு மக்கா. நான்தான்னு அன்னைக்கே சொன்னேன், ஒருத்தனும் நம்பல."

"அதையே நான் சொல்லியிருந்தா ஒடனே நம்பியிருப்பாய்ங்க" என்றான்.

அந்தக் கம்பெனி இப்போது இல்லை. கேம்பை இடித்து கார் நிறுத்துமிடம் ஆக்கிவிட்டார்கள். ஃபோர்மேன் எந்த ஊரில் இருக்கிறாரோ. மருதுவின் நம்பரும் போன வருஷத்திலிருந்து உபயோகத்தில் இல்லை.