பாதி நமக்கு, பாதி புற்றுக்கு

சூடான சட்டியில் ஈசல் வறுபடும்போது எழும் மணம் நெய்க்கும் வேர்க்கடலைக்கும் நடுவில் எங்கோ நிற்கும். இத்தனை வருடம் கழித்தும் என் மூக்கு அதை மறக்கவில்லை. முகம் சுளிக்கிறவர்கள் சுளிக்கட்டும். அரிசிப்பொரி, பொட்டுக்கடலை, உப்பு, மிளகாய்த்தூள் எல்லாம் சேர்த்து அதை ஒரு பிடி அள்ளி வாயில் போட்டுக்கொள்ளாதவர்களைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் பரிதாபம்தான்.

வடக்குப்பட்டில் கோடை முடிந்து முதல் நல்ல மழை பெய்து விட்ட சாயங்காலம், ஏரிக்கரைப் புற்றுகளுக்குப் பக்கத்தில் அரிக்கேன் விளக்கை ஏற்றி, அதன் அடியில் தண்ணீர் ஊற்றிய பெரிய "குண்டானை" வைத்துவிட்டுக் காத்திருப்போம். ஈசல் புகைபோல் கிளம்பிவந்து விளக்கைச் சுற்றித் தண்ணீரில் விழும். இந்தக் காரியத்துக்கெல்லாம் அதிகாரி என் அம்மாவின் அக்கா, பெரியம்மா. குண்டான் பாதி நிரம்பியதும் அவர் போடும் சத்தம் ஊருக்கே கேட்கும்: "இன்னாடி பாத்துக்கினு நிக்கிற, வெளக்க அணை! பாதி நமக்கு, பாதி புத்துக்கு!" விளக்கு அணைந்ததும் மிச்ச ஈசல் இருட்டில் தரையிறங்கி, இறகை உதிர்த்துவிட்டு, ஜோடி ஜோடியாக மண்ணுக்குள் போகும். அவைதான் பின்னால் வரும் புற்றுகளுக்கு விதை. அணைக்க மனமில்லாமல் நான் சிணுங்கினால் தலையில் ஒரு குட்டு விழும்.

நான் ஆறாம் வகுப்பு படித்த வருடம், ஒரு டப்பா நிறைய ஈசல்பொரி கொண்டுவருவதாக வகுப்பு முழுவதற்கும் சவால் விட்டிருந்தேன். மழையும் சொன்ன பேச்சுக் கேட்டதுபோல் அந்த வாரமே பெய்தது. விளக்கை ஏற்றினோம், குண்டானை வைத்தோம். ஒரு ஈசல்கூட வரவில்லை. அண்ணாந்து பார்த்தால் எல்லாம் எங்கள் தலைக்கு மேலே கூட்டமாக, அந்த வருடம் புதிதாக வந்த கம்பெனியின் கேட்டில் நின்ற உயர்கம்ப விளக்கை நோக்கிப் போய்க்கொண்டிருந்தன.

பெரியம்மாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. "நம்ம புத்து ஈசலு, நம்மள மதிக்காம கம்பெனிக்கு வேலைக்குப் போவுது பாரு!" என்றவர், குண்டானை என் தலையில் ஏற்றி, சாக்குப்பையையும் துடைப்பத்தையும் தான் எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

கேட்டுக்கு வெளியே சிமெண்டுத் தரை முழுவதும் ஈசல் நெளிந்தது. வாட்ச்மேன் நல்ல மனுஷன்; "பெருக்கி எடுத்துக்கினு போங்கக்கா, எனக்கும் வேலை மிச்சம்" என்றார். குண்டான் நிரம்பியது, சாக்கும் நிரம்பியது. என் சந்தோஷத்துக்கு அளவே இல்லை. அந்தக் கம்பெனியை மனதார வாழ்த்தினேன். அப்போது பெரியம்மா இடுப்பை நிமிர்த்தி, பழக்க தோஷத்தில், "போதும் தம்பி, வெளக்க அணச்சுடு" என்றார்.

வாட்ச்மேன் சிரித்தார். "அது என் கையில இல்லக்கா. தானா எரியும், காலையில தானா அணையும்."

பெரியம்மா துடைப்பத்தைக் கையில் பிடித்தபடி அந்த விளக்கையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கோ அது வேடிக்கையாக இருந்தது, நானும் சிரித்தேன். மறுநாள் பள்ளியில் சவாலில் ஜெயித்தேன். போகும் வழியில் கேட்டைப் பார்த்தேன்: இறகு உதிர்த்த ஈசல்கள் இறங்க மண் கிடைக்காமல் சிமெண்டிலேயே காய்ந்து கிடக்க, காக்கைகள் கல்யாணச் சாப்பாடு சாப்பிட்டுக்கொண்டிருந்தன. அடுத்த வருடம் கேட்டில் கிடைத்தது கால் சாக்குதான். போகப் போக, மழை வந்தாலும் பெரியம்மா குண்டானை எடுப்பதில்லை. அன்று சிரித்ததற்காக எனக்கு இன்றும் வெட்கம்தான்.

விதி போடும் கணக்கைப் பாருங்கள். ஐடிஐ முடித்து, அதே மாதிரி ஒரு கம்பெனியில் இப்போது நான்தான் எலக்ட்ரீஷியன். எங்கள் ஏரிப் பக்கத்து உயர்கம்ப விளக்கின் சுவிட்ச் என் பொறுப்பு. போன மாதம் முதல் மழை விட்ட சாயங்காலம், விளக்கைச் சுற்றி ஏதோ பறப்பதைக் கண்டேன். எண்ணிவிடலாம், அவ்வளவுதான். ஷிப்ட் இன்சார்ஜ் திருநெல்வேலிக்காரர். அவரிடம் ஓடிப்போய் விஷயத்தைச் சொன்னேன். அதட்டப்போகிறார் என்று பார்த்தால், "ஈசலா? எங்க ஊர்லயும் உண்டும்லா!" என்று சிரித்தார். "அந்தப் பக்கம் இப்ப ஆள் நடமாட்டம் இல்ல. அரை மணி நேரந்தான், பாத்துக்கோங்க."

அணைத்தேன். நெடுஞ்சாலை வெளிச்சத்தில் வானம் முழுதாக இருட்டவில்லை. ஆனாலும் கரையோரம் இருட்டியது. அவை ஒவ்வொன்றாகக் கீழே இறங்கின.

குன்றத்தூரில் மகன் வீட்டில் இருக்கும் பெரியம்மாவுக்கு அங்கிருந்தே போன் போட்டு, ஈசல் வந்ததைச் சொன்னேன். இன்று அரிக்கேன் இல்லை, குண்டானை யார் எடுத்துப் போனார்களோ தெரியவில்லை, ஊரில் ஈசல்பொரி தின்றுபார்த்த பிள்ளையும் இல்லை. அந்தக் குரல் மட்டும் அப்படியே இருக்கிறது.

"எவ்ளோ வந்துச்சி?"

"ஒரு பிடிகூடத் தேறாது, பெரியம்மா."

"நீ எடுத்தியா?"

"இல்ல. வெளக்கத்தான் அணச்சேன்."

"அன்னிக்கு நம்ம பங்கோட புத்து பங்கயும் சேத்து ரெண்டு பங்கு வாரிக்கினு வந்துட்டோம்டி" என்றார். "இந்த வாட்டி முழுசும் புத்துக்கே இருக்கட்டும்."