இரஞ்சிதம் பொறுப்பேற்க மறுத்த ஞாயிறு

இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டு. அந்த ஞாயிறு பிற்பகல் நான்கு மணிக்குச் சிட்னிக்கு மேலே பதினான்கு விமானங்கள் வட்டமடித்துக்கொண்டிருந்தன. அவற்றில் ஒன்றில்கூட ஓர் உயிர் கிடையாது. எல்லாம் கணினித் திரையில் ஊர்கிற பச்சைப் புள்ளிகள். ஆனாலும் மெல்பேர்ணில், ட்ருகனினாவின் புதுக் குடியிருப்பு ஒன்றில், தலையில் ஒலிவாங்கியை மாட்டிக்கொண்டிருந்த இரஞ்சிதம் அவற்றை மூன்றாம் முறையாக எண்ணினாள். அன்று ஓர் உயிர் போகலாம். அவளுக்கு மட்டும்தான் அது தெரியும்.

இரஞ்சிதம் எண்பத்தேழில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவள். தம்பிமார் இருவரையும் கரையேற்றுவதற்குள் அவளுடைய கலியாண வயது சத்தமில்லாமல் கடந்து போனது. மருத்துவமனை ஒன்றின் தொலைபேசிப் பலகையில் அழைப்புகளை இணைத்துவிடும் வேலையில் பதினைந்து வருடம் இருந்தாள். அவள் குரலைக் கேட்டாலே பாதி நோய் போய்விடும் என்பார்கள். பிறகு அந்த வேலையை ஓர் இயந்திரம் எடுத்துக்கொண்டது. பல் வைத்தியர் ஒருவரின் வரவேற்பு மேசைக்குப் போனாள். பேசக் குரலிருந்தும் கேட்க ஆளில்லாத அந்த நாட்களில்தான் இணையத்தில் இந்த விமான வலையம் அவளுக்குக் கிடைத்தது.

விளையாட்டுத்தான். சிலர் வீட்டிலிருந்தபடி கணினியில் விமானம் ஓட்டுவார்கள். சிலர் கட்டுப்பாட்டாளர்களாக உட்கார்ந்து, ஏறு, இறங்கு, பொறு என்று அவர்களுக்கு வழி சொல்வார்கள். ஆனால் விதிகளில் விளையாட்டே இல்லை. யார் எந்த இருக்கையில் எத்தனை மணிக்கு என்று இரண்டு வாரத்துக்கு முன்பே பட்டியல் வரும். மூன்று வருடமாக அந்தப் பட்டியலைப் போடுகிறவள் இரஞ்சிதம். வருகிறவர் பத்து நிமிடம் முன்னதாக வந்து திரையைப் பார்க்கவேண்டும். போகிறவர் காற்று, ஓடுபாதை, எந்த விமானம் எந்த உயரத்தில், யாருக்கு என்ன வாக்குக் கொடுத்திருக்கிறது என்று வரிசையாகச் சொல்லவேண்டும். வந்தவர் “எடுத்திட்டன்” என்று சொல்லும்வரை போகிறவர் எழும்பக்கூடாது. வீடு பற்றி எரிந்தாலும்.

அந்த விதியை வேதம்போலக் காத்தவர் சிட்னி சிவபாலன். ஹரிஸ் பார்க்கில் குடியிருப்பவர். பதினெட்டு வருடமாகப் பேருந்து ஓட்டுகிறவர். அவரிடமிருந்து இரஞ்சிதம் வாரம் தவறாமல் பொறுப்பேற்பாள். விமானிகள் கேட்காத தனி இணைப்பில் இருவரும் தமிழில் பேசிக்கொள்வார்கள். நேரில் ஒருமுறையும் கண்டதில்லை.

மார்ச் மாதத்தில் ஒரு சனிக்கிழமைதான் அது தொடங்கியது.

“காத்து தெற்கு, பதினைஞ்சு நொட் வேகம். அடிலெய்ட்டால வாறவர் ஆறாயிரத்தில…”

பேச்சு நின்றது. இரஞ்சிதம் காத்திருந்தாள். அவருக்குப் பின்னால் தொலைக்காட்சியில் கிரிக்கெட் வர்ணனை தடங்கலில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. யாரோ நாலு அடித்தார்கள். கூட்டம் ஆர்ப்பரித்தது. சிவபாலன் மட்டும் இல்லை.

“…ஆறாயிரத்தில நிக்கிறார்,” என்றார், ஒன்றும் நடவாததுபோல.

“எங்கயண்ணை போனீங்கள்?”

“எங்க போறது? கதிரையிலதான் இருக்கிறன். உம்மட மெல்பேர்ண் லைன் விழுந்திருக்கும். ஒரு நாளில நாலு பருவகாலமும் வாற ஊர்தானே அது, லைனும் அப்பிடித்தான் இருக்கும்.”

அவள் சிரித்தாள். பிறகுதான் யோசித்தாள். இணைப்பு விழுந்திருந்தால் கிரிக்கெட் எப்படிக் கேட்டது?

அடுத்தடுத்த வாரங்களில் அவள் எண்ணத் தொடங்கினாள். எட்டு வினாடி. பதினொன்று. பதினேழு. ஒவ்வொரு முறையும் அவர் அதே சொல்லிலிருந்து தொடர்ந்தார். இடையில் காலம் அறுந்தது அவருக்குத் தெரியவே தெரியாது.

இரஞ்சிதம் இதை முன்பும் கண்டிருந்தாள். தொலைபேசிப் பலகையில் அவளுக்குப் பக்கத்தில் அந்தோணி என்றொரு மலேசியத் தமிழர் இருந்தார். வாய் ஓயாத பகிடிக்காரர். அவரும் இப்படித்தான் கண் திறந்தபடி எங்கோ போய்விட்டு வருவார். பாவம், வேலை போய்விடுமே என்று அவருடைய அழைப்புகளையும் சேர்த்து அவளே எடுப்பாள். எட்டு மாதம் ஒருவரிடமும் மூச்சுவிடவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை மாலை வேலை முடிந்து போன அந்தோணியின் கார் ஒரு கொங்கிரீட் கம்பத்தில் நேராக மோதியது. பிரேக் பிடித்த அடையாளமே தெருவில் இல்லை என்றார்கள். சவப்பெட்டிக்குப் பக்கத்தில் நின்ற அவருடைய மனைவி, “நீங்கதான் அவரை எப்பவும் பாத்துக்கிட்டீங்கன்னு சொல்வாரு,” என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அந்தக் கையை இரஞ்சிதம் இன்றுவரை கழுவிக்கொண்டிருக்கிறாள்.

ஏப்ரலில் அவள் சிவபாலனிடம் வாய் திறந்தாள்.

“அண்ணை, ஒருக்கா டொக்டரிட்டக் காட்டுங்கோ. போன கிழமை பதினேழு செக்கன் நீங்கள் இங்க இல்லை.”

“உமக்கென்ன விசரே? பதினெட்டு வருஷத்தில என்ர பஸ்ஸில ஒரு கீறல் விழுந்ததில்லை.”

“இனி விழுந்தால்?”

அவர் குரல் தாழ்ந்தது. “காட்டினா லைசென்ஸைப் பறிச்சுப்போடுவாங்கள், ரஞ்சிதம். ஸ்டியரிங்கைத் தவிர எனக்கு வேற என்ன தெரியும்? இது சும்மா விளையாட்டு. இதுக்குள்ள ஆரும் சாகப்போறதில்லை. பேசாமல் விடும்.”

“உங்கட பஸ்?”

அவர் இணைப்பைத் துண்டித்துவிட்டார்.

அவருடைய பேருந்து நிறுவனத்துக்குச் சொல்லலாமென்று இரண்டு முறை தொலைபேசியை எடுத்தாள். இரண்டு முறையும் வைத்தாள். அந்த மனிதருக்கு முதுகுக்குப் பின்னால் குழி தோண்ட மனம் வரவில்லை. ஆனால் இரவில் கண்ணை மூடினால் அந்தக் கம்பம் வந்து நின்றது.

அப்போதுதான் அந்த ஞாயிறு வந்தது. வலையத்தின் மாதாந்த ஒன்றுகூடல். வானம் நிறைய விமானம். சிவபாலன் நான்கு மணிக்கு ஒப்படைத்துவிட்டு, ஐந்தரைக்குப் பேருந்து எடுக்கவேண்டும். அவர் வரிசை தவறாமல் பதினான்கையும் சொல்லி முடித்தார்.

“அவ்வளவுதான். எடும், ரஞ்சிதம்.”

“எடுக்கமாட்டன் அண்ணை.”

“என்ன?”

“இண்டைக்கு வேலைக்கு வரேலாது எண்டு டிப்போவுக்குச் சொல்லுங்கோ. நாளைக்கு டொக்டரிட்டப் போங்கோ. அப்பத்தான் எடுப்பன்.”

“பகிடி விடாதையும். எனக்கு நேரம் போகுது.”

“அப்ப எழும்பிப் போங்கோ. உங்களை ஆர் பிடிச்சு வைச்சிருக்கினம்?”

“பதினாலு பேரை ஆகாயத்தில விட்டிட்டு எப்பிடியப்பா எழும்பிறது!” என்று அவர் கத்தினார்.

“நாப்பது பேரை ஏத்திக்கொண்டு மட்டும் போவீங்களோ?”

மறுபக்கத்தில் கதிரை கிறீச்சிட்டது. அவர் திட்டினார். பட்டியல் போடுகிற திமிர் என்றார். பிறகு கெஞ்சினார். நடுநடுவே விமானிகளுக்கு வழி சொன்னார். அந்தக் குரலில் மட்டும் நடுக்கமில்லை. இருபது நிமிடம் ஓடியது. இரஞ்சிதம் “எடுத்திட்டன்” என்ற அந்த ஒரு சொல்லை மட்டும் சொல்லவில்லை.

“நான் உம்மட காலில விழுறன், எனக்கு இது தவிர…”

நின்றுவிட்டது.

ஐந்து. பத்து. விமானிகளின் அலைவரிசையில் ஒருவர் கூப்பிட்டார். சிட்னி, கேட்கிறதா? இன்னொருவர் கூப்பிட்டார். பதினைந்து. இரண்டு பச்சைப் புள்ளிகள் ஒன்றையொன்று நோக்கி நகர்ந்தன. இருபது. “அண்ணை! சிவபாலன் அண்ணை!” என்று அவள் கதறினாள். நான் போட்ட நெருப்பில்தான் இந்த மனிதர் வெந்துவிட்டாரோ என்று பயந்தாள். இருபத்தெட்டு.

கதவு திறக்கும் சத்தம் கேட்டது. ஓர் இளம் குரல். “அப்பா, உங்கட ஷர்ட் அயன் பண்ணிட்டன்… அப்பா? அப்பா!” பிறகு ஒலிவாங்கியில் நேராக, “ஹலோ, ஹூ இஸ் திஸ்? அப்பா பேசுறார் இல்லை. சும்மா வெறிச்சுப் பாத்துக்கொண்டு இருக்கிறார்!”

சிவபாலனின் மகள் நிரோஜினி. பல்கலைக்கழகத்தில் படிப்பவள் என்று அவர் பெருமையாகச் சொல்லியிருக்கிறார்.

“பிள்ளை, பயப்படாதையும். அவரைப் பிடிச்சுக்கொள்ளும். இப்ப வந்திடுவார்.”

“…தவிர ஒரு தொழிலும் தெரியாது,” என்று சிவபாலன் முடித்தார். “நீ எப்ப இங்க வந்தனீ?”

“நான் உங்களைப் பிடிச்சு உலுப்பினனான், அப்பா. யூ டிட்ன்ட் ஈவன் லுக் அட் மீ.”

இந்தமுறை அவர் எங்கும் போகவில்லை. அவருடைய மூச்சு கேட்டது. அந்நியப் பெண்ணொருத்தியின் பேச்சைத் தள்ளிவிடலாம். பெற்ற மகளின் கையை என்ன சொல்லித் தள்ளுவது?

முதலில் நெருங்கி வந்த இரண்டு விமானங்களையும் பிரித்துவிட்டார். மீண்டும் காற்றிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னார். பதினான்காவது முடிந்ததும் நிறுத்தினார்.

“இன்னும் ஒண்டு இருக்கு. ஐஞ்சரை பஸ். அதை ஒருத்தரும் எடுக்கேல்லை. லைனில நில்லும். நான் டிப்போவுக்கு அடிக்கிறன்.”

அவர் ஆங்கிலத்தில் பேசியது அவளுக்குத் தெளிவாகக் கேட்டது. காய்ச்சல் என்று சொல்லவில்லை. வயிற்றுவலி என்று சொல்லவில்லை. நான் வண்டி ஓட்டக்கூடிய நிலையில் இல்லை, இன்றைக்கு மட்டுமல்ல என்றார்.

“எடுத்திட்டன்,” என்றாள் இரஞ்சிதம். பதினான்கையும் ஒவ்வொன்றாக இறக்கி முடிக்கும்வரை அவள் கண்ணீரைத் துடைக்கவில்லை.

இரண்டு வாரம் கழித்து நிரோஜினி தொலைபேசியில் வந்தாள். தலைக்குள் பாக்கு அளவில் ஏதோ வளர்ந்திருக்கிறதாம். அடுத்த மாதம் வெட்டப்போகிறார்களாம். பிழைப்பாரா என்று மருத்துவர் வாய்விட்டுச் சொல்லவில்லை.

“அப்பா உங்களோட கதைக்கமாட்டாராம், அன்ரி. மன்னிச்சுக்கொள்ளுங்கோ.”

“பரவாயில்லை, பிள்ளை. அண்டைக்கு அந்த பஸ் என்ன ஆச்சுது?”

“ஓ, அதுவா? வேற டிரைவர் வர நாப்பது நிமிஷம் லேட்டாம். ஸ்டொப்பில நிண்ட சனம் அப்பாவைத்தான் திட்டித் தீர்த்ததாம்.”

“எல்லாரும் வீடு போய்ச் சேந்தவையோ?”

“யெஸ், அன்ரி. ஆஃப் கோர்ஸ்,” என்றாள் அந்தப் பெண், இதென்ன கேள்வி என்பதுபோல.